ரங் பவன்: மறைந்துபோன ஓர் இசையரங்கு

பம்பாயில் முன்பு விக்டோரியா டெர்மினஸ் என்று வழங்கி, 1996-இல் சத்திரபதி சிவாஜி டெர்மினஸ் எனப் பெயர் மாறிய நிலையத்தினின்று மகாபாலிகா மார்க் வழியே தோபி தலாவை நோக்கி நடப்போர்க்கு மாநகராட்சி மாளிகை, காமா மருத்துவமனை, செயின்ட் சேவியர் கல்லூரி ஆகியவை அடுத்தடுத்துத் தென்படும். அவற்றினிடையே, மேற்கூரையற்ற திறந்தவெளி அரங்கொன்று உண்டு. அதுவே ரங் பவன். நம் காலனி அன்பர்களில் பலர் நாள்தோறும் அவ்வழியே அலுவலகம் சென்று மீண்டிருப்பர். ஆயினும் அதன் வரலாறு நம் மலரில் இதுகாறும் இடம்பெறவில்லை. கருநாடக இசைக்கும் நாடகத்திற்கும் நம்மவர் சண்முகானந்த மண்டபத்தை நாடினர். ரங் பவனை நாடியவர்கள் வேறு ரகத்தினர். அவர்களுள் அடியேனும் ஒருவன்.

ராக் இசை நம் நாட்டிற்கு நேற்று வந்ததன்று. 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் ஒரு சிகரெட் வாணிபத்தின் விளம்பரமாக ‘சிம்லா பீட்’ என்னும் போட்டி நடந்தது. பல ஊர்களினின்றும் வந்த இளைஞர் குழுக்களின் பாட்டுகள் இசைத்தட்டுகளாகவும் வெளிவந்தன. 1972-இல் லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் பம்பாய்க்கு வந்து, இந்நகரத்து வாத்தியக் கலைஞர்களுடன் அமர்ந்து தம் பாடல்கள் இரண்டைப் பதிவு செய்தனர். அப்பதிவு முறையாக வெளியானது 2015-இல் தான்! இடையே நாற்பதாண்டுக்கு மேல் கழிந்தன. வாசித்த நம் கலைஞர்களுள் எத்தனை பேர் அதைக் கேட்க இருந்தனரோ! 1980-இல் போலீஸ் என்னும் ஆங்கிலக் குழு ஹோமி பாபா அரங்கில் பாடிச் சென்றது.

ரங் பவனின் புகழுக்கு அடிகோலியது ராக் இசையன்று, ஜாஸ் இசையே. 1978-இல் தொடங்கிய ‘ஜாஸ் யாத்ரா’ விழாவில் சோனி ராலின்ஸ் போன்ற உலகப் புகழ் பெற்ற சாக்சபோன் வித்துவான் வந்து வாசித்தார். பின்னர் 1986-இல் ‘இண்டிபெண்டன்ஸ் ராக்’ விழா பிறந்தது. சுதந்திர தினத்தையொட்டி நடைபெற்றதால் அப்பெயர். ஆகஸ்டு மாதத்தில், அதுவும் பம்பாயில், கூரையில்லாத அரங்கில் விழா எடுப்பது எத்தகைய துணிவு என்பதை இந்நகரின் மழையை அறிந்தோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் எவரும் எழுந்து செல்வதில்லை. இசைப்போர் மட்டும் மின்கருவிகளைத் தார்ப்பாயால் மூடுவர், பிறகு திறப்பர்.

அடியேன் மெட்ரிகுலேஷன் தேறிய மறு ஆண்டு, 1997-இல், மாட்டுங்கா ரயில்வே குடியிருப்பினின்று நண்பர் மூவருடன் முதன்முதலாகச் சென்றேன். கல்லூரி மாணவர்கள் கூட்டத்தில் நாங்கள் நால்வர் மட்டும் தொழிற்சாலை ஊழியர் பிள்ளைகள். ஆனால் உள்ளே சென்றபின் அவ்வேற்றுமையை எவரும் பாராட்டவில்லை. டிக்கெட் விலையும் எங்கள் கைக்கு எட்டியதாகவே இருந்தது. டீப் பர்ப்பிள், அயர்ன் மெய்டன் பாட்டுகளை நம் நாட்டுக் குழுக்களே இசைத்தன. அவற்றினூடே தம் சொந்தப் பாட்டுகளையும் நுழைப்பர். அப்போது கூட்டம் சற்றே சலசலக்கும். பிறர் பாட்டுக்கு ஆரவாரமும் சொந்தப் பாட்டுக்கு அமைதியும் கிடைத்த அக்காலத்திலேயே, 1984-இல் தோன்றிய ராக் மெஷின் குழு சொந்தப் பாட்டையே பெரிதாகப் போற்றியது. அக்குழு 1993-இல் இண்டஸ் கிரீட் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. நாங்கள் சென்ற ஆண்டில் அதுவும் கலைந்தது. அவர்களை மேடையில் காணும் பேறு எங்களுக்கு வாய்க்கவில்லை.

மின் கிதாரின் ஒலியைப் பலர் இரைச்சல் என்பர். ஒலிபெருக்கியை அதன் தாங்கும் அளவுக்கு மேல் செலுத்தும்போது எழும் கரகரப்பையே இசையின் அணியாகக் கொண்ட கலை அது. நாதசுரத்தை அடைத்த அறையில் வைத்து ஊதினால் காது தாங்குமோ? சில வாத்தியங்களுக்குத் திறந்தவெளியே தகும்.

ஆனால் அத்திறந்தவெளியைச் சுற்றிலும் மருத்துவமனைகளும் நீதிமன்றமும் கல்லூரியும் இருந்தன. மைய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டர் வரையில் அமைதி மண்டலம் என வகுத்தன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2003-இல் ரங் பவனில் பேரொலி நிகழ்ச்சிகள் நின்றன. ராக் அன்பர்கள் இன்றளவும் இதனைப் பெரும் அநீதி என்று பேசுவதுண்டு. அடியேனால் அவ்வாறு முழுமனதுடன் சொல்ல இயலவில்லை. 2001-இல் என் தமக்கை அப்பகுதியிலிருந்த ஒரு மருத்துவமனையில் பிள்ளைப்பேற்றுக்காக இருந்தாள். வலி கண்டிருந்த இரவில் ரங் பவனின் முரசொலி சன்னல் கண்ணாடியை அதிரச் செய்தது. பாட்டு எதுவென எனக்குத் தெரிந்தது. கால் தானாகவே தாளம் போட்டது. அடுத்த கட்டிலில் இருந்த மராட்டிய அம்மையார் என்னை நோக்கி, "தம்பி, அதை யாராவது நிறுத்தச் சொல்லக்கூடாதா?" என்று இந்தியில் கேட்டார். சட்டம் வந்தபோது அந்த அம்மையாரே என் நினைவுக்கு வந்தார்.

எனினும் நகரில் வேறிடம் காட்டாமல் ஒரே அரங்கை மூடியதுதான் குறை. விழா புறநகர் மைதானங்களுக்குச் சென்றது. ஸ்டேஷனினின்று பத்து நிமிட நடையில் எளியவனும் கேட்ட இசை, பஸ்ஸும் ஆட்டோவும் பிடித்துச் செல்லவேண்டியதாயிற்று. எங்கள் நால்வரில் மூவர் அத்துடன் நின்றுவிட்டனர்.

2008 நவம்பர் 26 இரவு, எங்கள் ஸ்டேஷனில் பயணிகளைச் சுட்டு வீழ்த்திய கொலைகாரர்கள் காமா மருத்துவமனைக்குச் சென்று, பின் ரங் பவன் சந்தில் காவல் அதிகாரிகள் ஹேமந்த் கர்க்கரே, அசோக் காம்தே, விஜய் சாலஸ்கர் மூவரையும் கொன்றனர். அது முதல் ரங் பவன் என்றால் நாட்டிற்கு அச்சந்தே நினைவுக்கு வருகிறது. இசை நினைவுக்கு வருவது எம்மைப் போன்ற சிலர்க்கே.

இடையில் நின்றிருந்த இண்டிபெண்டன்ஸ் ராக் 2022 நவம்பரில் மஸ்காவ் பகுதியில் மீண்டும் நடைபெற்றது. மழைக்காலம் கழிந்த மாதம். எவரும் தார்ப்பாய் கொண்டு வரவில்லை.