சுவரும் சித்திரமும் குழந்தையும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முதுமொழி. குழந்தையின் அறைச் சுவரிலே பறக்கும் குதிரையையும் தொப்பியணிந்த முயலையும் தீட்டுவிக்கும் வழக்கம் இன்று கொழும்பிலும் சென்னையிலும் வசதிபடைத்தோர் இல்லங்களில் பரவிவருகிறது. இதன் வரலாற்றை அறிய விரும்புவோர் சித்திரத்துக்கு முன்னர் சுவரை ஆராய்தல் வேண்டும். குழந்தைக்கெனத் தனியறை ஒதுக்கும் வசதி எவருக்கு வாய்த்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஆலைத்தொழிலாற் செல்வம் திரட்டிய வகுப்பாருக்கு வாய்த்தது. அவர்தம் மாளிகைகளில் குழந்தைகளுக்கும் செவிலியருக்கும் தனியறை அமைந்தது. அவ்வறைச் சுவர்களில் ஒட்டுவதற்கு, குழந்தைப் பாடல்களின் மாந்தரை வரைந்த சித்திரத் தாள்களை 1875ஆம் ஆண்டு முதல் ஆக்கித் தந்தவர் வால்டர் கிரேன். ஜெஃப்ரி கம்பனியார் அவற்றை அச்சிட்டு விற்றனர். 1879இல் உறங்கும் அழகியின் கதையும் சுவரேறியது.

அழகிய தாள்கள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் சுவர்த்தாள் என்னும் சரக்கை ஆக்கிய கைகள் யாருடையவை? கிரேன் இத்துறைக்கு வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1863இல், சிறுவர் தொழில் பற்றிய விசாரணைக் குழு சுவர்த்தாள் ஆலைகளின் நிலையை வெளியிட்டது. அச்சாட்சியங்களை மார்க்ஸ் 1867இல் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் எடுத்தாண்டார். அக்டோபர் தொடங்கி ஏப்ரல் முடியக் காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணிவரை, சில வேளை அதற்கு மேலும், வேலை நடந்தது. ஏழு வயது மகனைப் பனியிலே முதுகிற் சுமந்து ஆலைக்குக் கொண்டுசென்ற தந்தையொருவர் சாட்சி கூறினார். பையனுக்கு நாளொன்றுக்குப் பதினாறு மணிநேர வேலை. இயந்திரத்தை விட்டு அவன் அகலக்கூடாது. ஆதலால் தந்தை மண்டியிட்டு, நின்றபடியே அவனுக்கு உணவூட்டினார். ஒரு குழந்தையின் அறையை அலங்கரிக்கும் தொழிலில் இன்னொரு குழந்தையின் உறக்கம் களவுபோயிற்று! 1864ஆம் ஆண்டுச் சட்டமே இவ்வாலைகளைத் தொழிற்சாலைச் சட்டத்துள் கொணர்ந்தது.

கிரேன் பின்னாளில் சமவுடைமைவாதியானார்; மே தினச் சித்திரங்கள் வரைந்தார். 1906-07 குளிர்காலத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் பயணஞ்செய்து நூலொன்றும் எழுதினார். அந்நாளில் நம்மவர் குழந்தைக்குத் தனியறை ஏது? பாட்டியின் பக்கத்தில் விரித்த பாயே அறை. கேட்ட கதையே சித்திரம். கண்ணாற் காணும் கற்பனைக்குக் கோயில் இருந்தது. சிங்கவுடலும் துதிக்கையும் கொண்ட யாளியும், மகரமும் பிள்ளைகளை மிரட்டி மகிழ்வித்தன. அதுவும் எல்லாப் பிள்ளைகளையுமன்று. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்குப் போராட வேண்டியிருந்ததை நாம் மறந்துவிடலாகாது.

கொட்டியாரக் குடாவின் தென்கரைப் பக்கத்திலுள்ள எங்கள் கட்டைபறிச்சானில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. 2006இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களிற் பலர் இங்குள்ள முகாமில் ஆண்டுக்கணக்காகக் குடியிருந்தனர். 2015இலும் அதன் பின்னருமே அவர்கள் தம் நிலத்துக்கு மீண்டார்கள். இடம்பெயர்ந்த ஆண்டிற் பிறந்த குழந்தைக்கு அப்போது ஒன்பது வயது. தகரத்துக்கும் கிடுகுக்கும் நடுவே வளர்ந்த அக்குழந்தை எச்சுவரில் கரிக்கோடு கிழித்திருக்கும்?

முன்பள்ளிச் சுவரே இத்தகைய ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு முதற் சித்திரச் சுவர். அதிலே அயல்நாட்டுக் கரடியும் முயலும் சிரிக்கின்றன. யாளியில்லை, குடாக்கடலின் சுறாவுமில்லை. நன்கொடை நிறுவனத்தின் இலச்சினை மட்டும் சிலவிடங்களில் முயலினும் பெரிதாய் இருக்கிறது.