தலைக்காயமும் மூளைக்காய்ச்சலும்

தலையில் பலத்த அடிபட்டு உயிர் தப்பியவர், சில நாட்கள் சென்றபின் கடுங்காய்ச்சலாலும் கழுத்து விறைப்பாலும் மாண்டுபோவது முற்காலத்தில் வழக்கமாக இருந்தது. இதன் காரணத்தை முதலில் அறிந்துகொள்வோம். மண்டையோட்டின் அடிப்பாகம் மூக்கறைக்கு மேலே மெல்லிய தகடு போல் அமைந்துள்ளது. அது விரிந்து, மூளையைப் போர்த்தியுள்ள உறையும் கிழியுமாயின், மூளையைச் சூழ்ந்த தெளிநீர் மூக்கு வழியாகவோ காது வழியாகவோ கசியும். நீர் வெளிவரும் வழியே கிருமி உட்புகும் வழியுமாகும்.

முதல் உலக யுத்தத்தில், 1917ஆம் ஆண்டு, அமெரிக்க ரணசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங், காயத்திலிருந்து சிதைந்த தசையையும் எலும்புத் துண்டுகளையும் முற்றிலும் அகற்றும் முறையைக் கையாண்டார். மூளைக்காயம் பட்ட வீரருள் 100க்கு 54 ஆக இருந்த மரணம், மூன்று மாதங்களில் ஏறத்தாழ 29 ஆகக் குறைந்தது. 1926இல் வால்டர் டாண்டி, மண்டையைத் திறந்து உறையின் கிழிசலை அடைத்துக் காட்டினார்.

1935இல் ஜெர்மனியின் டோமாக் ஸல்பா மருந்தின் ஆற்றலை உலகுக்கு அறிவித்தார். பெனிசிலின் அதனைத் தொடர்ந்தது. 1943இல் ஃப்ளோரியும், குஷிங்கின் மாணவரான ஹியூ கெய்ர்ன்ஸும் வட ஆப்பிரிக்கா சென்று, போர்க்காயங்களுக்குப் பெனிசிலினைப் பயன்படுத்திப் பார்த்தனர். திறந்த காயங்களில் அது நற்பயன் அளித்தது. ஆகவே, அடிமண்டை விரிந்தவர்க்கெல்லாம் நோய் வருமுன்னரே மருந்து கொடுத்துவிடலாம் என்னும் எண்ணம் வேரூன்றிற்று.

எண்ணம் நியாயமானதே; ஆயினும் சோதனை அதனை ஆதரிக்கவில்லை. 2006இல் காக்ரேன் ஆய்வாளர்கள் முறையான பரிசோதனைகளைத் தொகுத்து நோக்கினர். மருந்து பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் இடையே, மூளைக்காய்ச்சல் வருவதிலோ மரணத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. சோதனைக்கு உட்பட்டோர் 200க்குச் சற்று மேற்பட்டவரே. ஆதலின் இம்முடிவை இறுதித் தீர்ப்பு என்று நாம் கூறமாட்டோம். எனினும் காரணங்கள் விளங்காதவை அல்ல. அழற்சி காணாத மூளையுறையைக் கடந்து பெனிசிலின் போதிய அளவு உட்செல்வதில்லை. மேலும், மூக்கிலுள்ள எளிய கிருமிகள் மடிந்தொழிய, மருந்துக்கு அடங்காதவை அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே, இத்தகைய நோயாளியைப் படுக்கையில் அமர்த்திக் கூர்ந்து கவனிப்பதே இன்று பெரிதும் போற்றப்படும் முறை. பெரும்பாலான கசிவுகள் சில நாட்களில் தாமே நின்றுவிடும். நில்லாதவற்றை ரணசிகிச்சையால் அடைப்பர். நிமோனியாக் கிருமிக்கு எதிரான தடுப்பூசியும் உண்டு. காய்ச்சல் கண்டுவிட்டாலோ, மருந்தைத் தாமதமின்றித் தரவேண்டும்.

கெய்ர்ன்ஸின் மற்றொரு தொண்டையும் நாம் மறத்தலாகாது. 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு இறந்த அரேபியா லாரன்ஸுக்குச் சிகிச்சை அளித்தவருள் அவரும் ஒருவர். பின்னர் அவர் இத்தகைய விபத்துகளை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941இல் எடுத்துரைத்தார்.

டெல்லியிலும் மும்பையிலும் நாள்தோறும் இருசக்கர வண்டியில் வேலைக்குச் செல்லும் நம்மவர்க்கு இவ்வரலாறு கூறுவது இதுவே: தலைக்கவசம் அணிக. அடிபட்டபின் மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் ஒழுகினால், சளி எனக் கருதி வீட்டில் எஞ்சிய மாத்திரையை விழுங்காது, அன்றே மருத்துவமனையை அடைக.