விசை யார் கையிலே?

மாளிகையிலே பஞ்சணை உண்டு, தூக்கம் இல்லை. குடிசையிலே கிழிந்த பாய்தான், ஆனால் நிம்மதியான குறட்டை! இப்படி ஏழைக்கு ஆறுதல் கூறுவோர் எந்த நாட்டிலும் உண்டு, எந்தக் காலத்திலும் உண்டு. பதவி உயர உயரக் கவலை வளரும், கவலை வளர வளர நோய் வரும், ஆகவே கட்டளையிடுபவனைக் கண்டு ஏங்காதே, கீழ்ப்படிந்து நடப்பவனுக்கே உடல்நலமும் மனநலமும் என்பது அந்த ஆறுதலின் சாரம். கேட்பதற்கு இனிப்புத்தான். உண்மைதானா?

இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்த விஞ்ஞானம் முதலில் இடறி விழுந்தது. பிறகு எழுந்து நின்று, தன் தவற்றைத் தானே திருத்திக்கொண்டது. அந்த வரலாற்றைப் பகுத்தறிவாளர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

1958ஆம் ஆண்டு. அமெரிக்கத் தலைநகராம் வாஷிங்டனிலே, வால்டர் ரீட் இராணுவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜோசப் பிரேடி என்ற உளநூல் அறிஞர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். குரங்குகளை இரண்டிரண்டாக நாற்காலிகளிலே பிணைத்தனர். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு விசை. ஒன்றின் விசை மெய், மற்றதன் விசை பொய். மெய்விசை கொண்ட குரங்கு உரிய நேரத்தில் அதை அழுத்தினால் இரண்டுமே மின்னதிர்ச்சியினின்று தப்பும். தவறினால் இரண்டுமே துடிக்கும். துன்பம் இரண்டுக்கும் சமம். தடுக்கும் ஆற்றல் மட்டும் ஒன்றனிடம். ஆறு மணி நேரம் சோதனை, ஆறு மணி நேரம் ஓய்வு என நாட்கள் சென்றன. முடிவு என்ன? நான்கு இணைகளிலும் விசை பிடித்த குரங்குக்கே வயிற்றுப்புண் கண்டது. சும்மா இருந்த குரங்கு தப்பிற்று.

‘அதிகாரிக் குரங்கு’ என்று அதற்குப் பெயரிட்டனர். பழைய ஆறுதலுக்கு ஆய்வுக்கூடத்தின் முத்திரை கிடைத்துவிட்டது! கதை பாடநூல்களிலே ஏறிற்று.

ஆனால், அந்தச் சோதனையின் அடித்தளத்திலேயே ஓட்டை இருந்தது. எந்தக் குரங்கை அதிகாரியாக்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை. முன்சோதனையிலே எது விசையை மிகுதியாக அழுத்திற்றோ, அதையே அதிகாரியாக்கினர். பரபரப்பு மிகுந்த குரங்கைப் பொறுக்கியெடுத்து அமர்த்திவிட்டு, பதவிதான் நோய் தந்தது என்று தீர்ப்பெழுதினால், தகுமா அது?

இந்த ஓட்டையை அடைத்தவர் நியூயார்க் நகரின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்து ஜே வைஸ். 1968ஆம் ஆண்டிலும் அடுத்து வந்த ஆண்டுகளிலும் அவர் எலிகளைக் கொண்டு ஆய்ந்தார். எந்த எலிக்கு எந்த நிலை என்பதில் பொறுக்கியெடுப்புக்கு இடம் தரவில்லை. ஓர் எலிக்கு அதிர்ச்சியை நிறுத்தும் வழி உண்டு. இன்னொன்றுக்கு அதே அளவு அதிர்ச்சி, ஆனால் வழி இல்லை. இம்முறை தீர்ப்பு தலைகீழாயிற்று! வழியற்ற எலிக்கே வயிற்றுப்புண் மிகுந்தது. இன்னொன்றும் கண்டார் வைஸ்: விசையை இயக்கியதற்கே தண்டனையாக அதிர்ச்சி தந்தபோது, அந்த எலிகள் வழியற்றவற்றைவிட மோசமாக நொந்தன. பெயருக்கு அதிகாரம் தந்து, பயன்படுத்தினால் உதைப்பது, எதுவும் தராததைவிடக் கொடிது!

எலி வேறு, மனிதன் வேறு என்பீர்கள். சரி, மனிதரிடமே வருவோம். அதற்குக் கடல் கடந்து இலண்டன் மாநகர் செல்ல வேண்டும். பிரிட்டிஷ் அரசின் தலைமை அலுவலகங்கள் நிற்கும் வீதிக்கு ஒயிட்ஹால் என்று பெயர். 1967இல் அந்த அலுவலகங்களின் ஆண் ஊழியர்களை டொனால்ட் ரீட், ஜெஃப்ரி ரோஸ் முதலிய மருத்துவ அறிஞர்கள் சோதிக்கத் தொடங்கினர். 17,530 பேர். எவரும் பட்டினி கிடப்பவர் அல்லர், எவரும் வேலையற்றவர் அல்லர். 1948 முதலே அந்நாட்டில் அனைவருக்கும் இலவச மருத்துவம் உண்டு. ஒரே முதலாளி, ஒரே நகரம். பதவிப் படி மட்டும் வேறு.

மாரடைப்பு மேலதிகாரியைத் தேடி வரும் நோய் என்றே அன்று பலரும் நம்பினர். ரோஸுடன் மைக்கேல் மார்மட் சேர்ந்து 1978இல் வெளியிட்ட கணக்கு அந்த நம்பிக்கையை நொறுக்கிற்று. இருதய நோயால் மாண்டோர் வீதம், உச்சியிலிருந்த நிர்வாகிகளைவிட, கடைநிலைச் சேவகரிடையே 3.6 மடங்கு! கோப்பிலே கையெழுத்திட்டவர் வாழ்ந்தார். கோப்பைச் சுமந்தவர் மாண்டார்.

சேவகர் புகை பிடிப்பது அதிகம், அதனால்தான் என்றனர் சிலர். புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கிலே கொண்ட பின்னும் இடைவெளியில் பெரும்பகுதி அப்படியே நின்றது. அதைவிட வியப்பு, அது ஏழை, செல்வர் என்ற ஒரே பிளவாக இல்லை. உச்சிக்கு அடுத்த படியில் இருந்தவர், நல்ல ஊதியம் பெறும் கல்விமான், அவரும் உச்சியில் இருந்தவரைவிட நலிந்தார். படிக்குப் படி இறக்கம், இறங்க இறங்க மரணம்!

காரணம் தேடி 1985இல் மார்மட் இரண்டாம் ஆய்வைத் தொடங்கினார். பெண்களும் சேர்ந்தனர், மொத்தம் 10,308 பேர். எந்த வேலையை, எப்போது, எப்படிச் செய்வது என்று முடிவு செய்வதில் உமக்குப் பங்கு உண்டா என்று வினவினர். ஊழியரின் வாய்மொழியோடு நிற்கவில்லை. பணியாளர் துறை மேலாளரிடமும் தனியாக மதிப்பீடு பெற்றனர். எந்த அளவுகோலால் அளந்தாலும், முடிவெடுக்கும் பங்கு குறைந்த இடத்தில் இருதய நோய் கூடிற்று. படிகளுக்கிடையே இருந்த வேற்றுமைக்கு, ஆராய்ந்த காரணங்களுள் மிகப் பெரும் பங்கு இதற்கே என்று 1997இல் அறிவித்தனர்.

உழைப்பின் பளுவைச் சுமக்கலாம், தோழர்களே! உழைப்பின்மேல் உரிமையற்ற நிலையையே உடல் தாங்குவதில்லை.

நோய் தெரிந்தது, மருந்து உண்டா? 1976இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லமொன்றிலே எலன் லாங்கர், ஜூடித் ரோடின் எனும் இரு பெண்மணிகள் முயன்று பார்த்தனர். ஒரு மாடியில் இருந்தோரிடம், அறையை அமைப்பது முதல் பொழுதைக் கழிப்பது வரை உங்கள் விருப்பம், இதோ செடி, வேண்டியதை எடுத்து நீங்களே வளருங்கள் என்றனர். இன்னொரு மாடியிலே, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கனிவுடன் கூறினர். செடியும் தந்தனர், நீர் வார்த்தவரோ செவிலியர். மூன்றே வாரத்தில், பொறுப்பேற்றவர் முகத்திலே மலர்ச்சி, நடையிலே சுறுசுறுப்பு! கைப்பிடி அளவு மண்ணின்மேல் கிடைத்த ஆட்சி செய்த வேலை அது.

சிறு ஆய்வு, அளவுக்கு மீறி அதன்மேல் கோட்டை கட்டலாகாது. அதே காலத்தில் ரிச்சர்டு ஷுல்ஸ் நடத்திய ஆய்வு ஓர் எச்சரிக்கையும் தந்தது. மாணவர்கள் எப்போது வந்து தம்மைக் காண்பது என்பதை முடிவு செய்யவோ முன்கூட்டி அறியவோ வாய்ப்புப் பெற்ற முதியோர் நலமாயினர். ஆய்வு முடிந்தது, மாணவர் வருகை நின்றது. மலர்ந்தவரே பின்னர் சரிந்தனர். கொடுத்துப் பறித்தல் கொடுமை!

இந்த வரலாறு தரும் பாடம் யாது? நம்மால் முடியும் என்று நெஞ்சிலே நூறு முறை சொல்லிக்கொண்டால் நலம் வந்துவிடும் என்பதன்று. பொய்விசையைப் பிடித்த குரங்குக்கு எத்தனை உபதேசம் செய்தாலும் அது மெய்விசையாகாது. நம்பிக்கை வேர்விட உரிமை என்ற மண் வேண்டும். ஆலையிலே, அலுவலகத்திலே, மருத்துவமனையிலே, வீட்டிலே, அன்றாட வாழ்வை அமைக்கும் முடிவுகளிலே அவரவர்க்குப் பங்கு வேண்டும். வேலைமீது ஊழியர்க்குள்ள ஆளுகையைப் பணியிட நலத்தின் ஆறு அளவைகளுள் ஒன்றாகப் பிரிட்டனின் பணிப் பாதுகாப்புத் துறை 2004இல் ஏற்றது இக்கருத்தின் வெற்றியே.

ஆகவே, குடிசையின் குறட்டையைப் புகழ்ந்து பாடுவோர் வரும்போது, அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஐயா, விசை யார் கையிலே?