கடுகுரோகிணியும் கறுப்பு ஹெல்லிபோரும்

வடபழனியிலோ மயிலாப்பூரிலோ உள்ள ஒரு நாட்டு மருந்துக் கடையில் ‘கடுகுரோகிணி’ என்று கேட்டுப் பாருங்கள். கறுத்துச் சுருங்கிய சிறு வேர்த்துண்டுகளைக் கடைக்காரர் பொட்டலம் கட்டித் தருவார். நாவில் பட்டாலே நெடுநேரம் நீங்காத கசப்பு! காய்ச்சலுக்கும் ஈரல் கோளாறுகளுக்கும் நம் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் சரக்கு இது.

இனி, 19ஆம் நூற்றாண்டில் வெளிவந்த தமிழ்–ஆங்கில அகராதிகளைப் புரட்டுங்கள். அவற்றுள் சில, கடுகுரோகிணி என்பதற்குக் ‘கறுப்பு ஹெல்லிபோர்’ என்று பொருள் கூறுகின்றன. கறுப்பு ஹெல்லிபோரோ இதயத்தைத் தாக்கும் நஞ்சு! மருந்துக்கு நஞ்சின் பெயர் எவ்வாறு வந்து சேர்ந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சென்றால், தாவரவியல் மட்டுமன்றிப் பௌதிகமும் நமக்குத் துணை வருவதைக் காணலாம்.

ஹெல்லிபோர் என்பது யாது?

ஹெல்லிபோர் ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வளரும் ஒரு செடியினம். சீனாவிலும் ஓர் இனம் உண்டு. மொத்தம் சுமார் 20 இனங்கள். நம் சமையலறைக் கருஞ்சீரகம் சேர்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது இது. 1753இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதன் ஓர் இனத்துக்கு ‘ஹெல்லிபோரஸ் நைகர்’ என்ற பெயரை வழங்கினார். ‘நைகர்’ என்றால் கறுப்பு. பூ வெண்மையானதே, கறுப்பு நிறம் வேருக்கு உரியது.

நடுக்குளிர் காலத்தில் பூப்பதால் இதற்குக் ‘கிறிஸ்துமஸ் ரோஜா’ என்றும் பெயர் உண்டு. ஆயினும் இது ரோஜா அன்று. இதழ்களாக நமக்குத் தோன்றுபவையும் உண்மையில் புல்லி இதழ்களே. ஆகவேதான் அவை விரைவில் உதிர்ந்துவிடாமல் பல வாரங்கள் நிலைத்து நிற்கின்றன.

நிழல் தோட்டம் போடும் ஐரோப்பியர் இச்செடியைப் பெரிதும் விரும்புகின்றனர். இலையுதிர்க்கும் மரங்களின் அடியில், மட்கிய இலை நிறைந்த, நீர் தேங்காத மண்ணில் இதனை நடுகிறார்கள். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. குளிர்காலத்தில் மரம் மொட்டையாக நிற்கும். அப்போது ஹெல்லிபோருக்கு வெயில் கிடைக்கும். கோடையில் மரம் தழைத்து நிழல் தரும். கலப்பினச் செடிகளில் விதை வழி வந்த கன்றுகள் தாயைப் போலவே பூக்கும் என்பது உறுதியில்லை. எனவே பூத்திருக்கும் வேளையிலேயே நிறம் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுப்பது வழக்கம்.

கிரேக்கத்திலிருந்து சென்னைக்கு

பண்டைக் கிரேக்கர் ஹெல்லிபோரைப் பித்துக்கு மருந்தாகக் கொடுத்தனர். அதன் நஞ்சையும் அவர்கள் அறிந்திருந்தனர். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிர்ரா என்ற நகரை முற்றுகையிட்டவர்கள், நகருக்குச் செல்லும் நீரில் ஹெல்லிபோர் வேரைக் கலந்து காவலரை நிலைகுலையச் செய்தனர் என்று பௌசேனியஸ் என்பார் எழுதி வைத்துள்ளார்.

கி.பி. முதல் நூற்றாண்டில் தயாஸ்கோரிடிஸ் எழுதிய மருந்து நூலில் ஹெல்லிபோர் இடம்பெற்றது. அந்நூல் 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அரபு மொழிக்குச் சென்றது. அரபு மருத்துவர் ஹெல்லிபோரைக் ‘கர்பக்’ என்றனர். இந்தியாவிலிருந்து வந்த கறுத்த கசப்பு வேருக்கோ ‘இந்தியக் கர்பக்’ என்ற பெயர் ஏற்பட்டது. இரண்டும் கறுத்த வேர்கள், இரண்டும் கசப்பு, இரண்டும் பேதி மருந்துகள். ஒப்புமை இருந்தது உண்மை. ஆனால் ஒப்புமை வேறு, ஒருமை வேறு அல்லவா?

கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவரான வைட்லா எயின்ஸ்லி, 1813இல் சென்னையிலேயே ஒரு மருந்துச் சரக்கு நூலை அச்சிட்டார். அதன் விரிவான பதிப்பு 1826இல் லண்டனில் வெளிவந்தது. நம் கடைத்தெருச் சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களுடன் தொகுத்த அரிய நூல் அது. அதில் கடுகுரோகிணி, கறுப்பு ஹெல்லிபோர் என்ற தலைப்பின் கீழ் இடம்பெற்றது.

உயிருள்ள செடியைக் கண்டவர் யார்?

இங்கேதான் பௌதிகம் வருகிறது. மேலே செல்லச் செல்லக் காற்றின் வெப்பநிலை, ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் வீதம் குறைகிறது. கடுகுரோகிணி வளர்வது இமயத்தில் 3,000 மீட்டருக்கும் மேலே. அதாவது, கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 20 பாகை குளிர்ந்த இடம். ஹெல்லிபோரும் குளிர் நாடி. அதன் விதை முளைப்பதற்கே ஒரு குளிர்காலத்தைக் கடந்தாக வேண்டும். சென்னையிலோ சனவரி மாதத்து இரவில்கூடச் சராசரி வெப்பநிலை சுமார் 20 பாகை!

ஆகவே இவ்விரண்டில் எதுவும் சென்னைத் தோட்டத்தில் வளர்ந்து பூப்பதற்கு வழியில்லை. எயின்ஸ்லியின் காலத்துச் சென்னை மருத்துவர் முன் இருந்தது காய்ந்த வேர் மட்டுமே. இலையும் பூவும் காணாமல், நிறத்தையும் சுவையையும் கொண்டு மட்டும் இனத்தை எப்படித் தீர்மானிப்பது?

வடக்கே சகாரன்பூர்த் தோட்டத்தின் மேற்பார்வையாளராக இருந்த ஜான் ஃபோர்ப்ஸ் ராயில், இமயத்துத் தாவரங்களைச் சேகரித்து ஆராய்ந்தார். 1835இல் ஜார்ஜ் பெந்தம் இச்செடிக்குப் ‘பிக்ரோரைசா’ என்ற தனிப் பெயரை வழங்கினார். கிரேக்க மொழியில் இதற்குக் ‘கசப்பு வேர்’ என்று பொருள். பூவின் அமைப்பு ஹெல்லிபோரிலிருந்து முற்றிலும் வேறு, குடும்பமும் வேறு. பிற்கால வேதியியலும் இதனையே உறுதி செய்தது. கடுகுரோகிணியின் கசப்புக்குக் காரணம் இரிடாய்டு கிளைகோசைடுகள். ஹெல்லிபோரில் உள்ளதோ இதயத்தைப் பாதிக்கும் ஹெல்லிபிரின். ஆயினும் பழைய பெயர் எளிதில் மறையவில்லை. 20ஆம் நூற்றாண்டு மருந்து நூல்கள் சிலவற்றிலும் அது தொடர்ந்து வந்தது.

நம் ஊர் நிழலுக்கு எது?

அப்படியானால் நம் வீட்டுச் சுவரோர நிழலில் எதை வளர்ப்பது? நிழலில் பயிர் செய்யும் கலை நமக்குப் புதியதன்று. அகத்தியின் நிழலில் வெற்றிலையை ஏற்றும் கொடிக்கால் ஒரு நிழல் தோட்டமே. வெற்றிலையின் உறவான திப்பிலியும் அவ்வாறே நிழலில் தழைக்கும். நடுப்பகல் வெயிலின் ஒளிச்செறிவு ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ். அடர்ந்த மர நிழலில் அது சில ஆயிரமாகக் குறைந்துவிடும். அந்தச் சிறு ஒளியைக் கொண்டே வாழப் பழகிய செடிகளைத் தேர்வதுதான் அறிவுடைமை.

அன்பார்ந்த வாசகரே, பழைய அகராதிகள் இன்று நூலகத்தில் மட்டுமன்றிக் கணினித் திரையிலும் படிக்கக் கிடைக்கின்றன. பிழையும் அவற்றோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. அகராதியை நம்பி எவரேனும் கடுகுரோகிணிக்குப் பதிலாக அயல்நாட்டு ஹெல்லிபோர் வேரை வாங்கிவிட்டால் விளைவு என்னவாகும்? மூலிகை எதுவாயினும் பொட்டலத்தின் மேல் தாவரவியல் பெயர் உள்ளதா என்று பாருங்கள். மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளாதீர்கள்.

மற்றொரு கவலையும் உண்டு. மிகுதியாகத் தோண்டப்படுவதால் இமயத்துக் கடுகுரோகிணி அருகி வருகிறது. அதன் பன்னாட்டு வாணிகம் 1997இல் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. ஒரு செடியைக் காக்க வேண்டுமானால், முதலில் அது எந்தச் செடி என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சரியான பெயரின் பயன் அதுவே.