துரைக்கு மேலே சட்டம்



பண்டைய யூதர்களின் திருமறையிலே அரசனுக்கென்று ஒரு விதி உண்டு. அரியணை ஏறியதும் அவன் சட்ட நூலுக்கு ஒரு படி எழுதி வைத்துக்கொண்டு, ஆயுள் உள்ளவரை அதை வாசித்து வரவேண்டும். குடிகளைவிட மேலானவன் என்ற செருக்கு அவனுக்கு வரலாகாது என்பதே நோக்கம். ஆகாபு என்ற மன்னன் அதை மறந்தான். நாபோத் என்னும் குடியானவன் தன் திராட்சைத் தோட்டத்தைக் கொடுக்க மறுத்தபோது, பொய்ச் சாட்சி கட்டி, விசாரணை என்ற பெயரிலே அவனைக் கல்லால் அடித்துக் கொன்றார்கள். எலியா என்ற தீர்க்கதரிசி மன்னனின் முகத்துக்கு நேரே அதைக் கண்டித்தார்.

நம் சிலாங்கூர்த் தோட்டங்களிலும் இதே வழக்கு ஒன்று நடந்தது. 1923-ஆம் ஆண்டிலேயே இங்கே தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. லயம், மருத்துவம், பிள்ளைகளுக்குப் பள்ளி எல்லாவற்றுக்கும் அதில் விதி இருந்தது. ஆனால் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது எந்தச் சட்டத்தில் இருந்தது? எதிலும் இல்லை. இருந்தும் இறங்காதவன் பட்ட பாட்டை நம் பாட்டன்மார் அறிவார்கள்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, நல்ல மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல் ஆகியவற்றோடு, சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கமும் ஒழியவேண்டும் என்று கேட்டார்கள். கூலிப் பட்டியலுக்கு நடுவே இந்தக் கோரிக்கை இருப்பதைக் கவனியுங்கள். காசு மட்டும் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியே அவர்களை ஒன்று திரட்டியவர் ஆர். எச். நாதன். மே மாதத் தொடக்கத்தில் அவரைக் கைது செய்தார்கள். நீதிமன்ற விசாரணை கிடையாது, நாடு கடத்திவிட்டார்கள். நாபோத்துக்குப் பொய்ச் சாட்சியாவது தேவைப்பட்டது. நாதனுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் மேலும் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பித்துப் பட்டாளத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். பலர் சிறைப்பட்டார்கள், வேறு சிலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்து இறங்கினார்கள்.

போருக்குப் பின்பு, 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1955-இல் வேலைவாய்ப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கூலி பாக்கி என்றால் தொழிலாளர் இலாகாவிலே புகார் கொடுக்கலாம். அங்கே முதலாளியையும் அழைத்து வைத்து விசாரிப்பார்கள்.