நாலு மணி நேரத்தில் கழுவ வேண்டிய மருந்து

தாமிரபரணிக் கரை ஊர்களில் முகத்திலோ கையிலோ மரு வந்தால் என்ன செய்வதென்று எல்லாருக்கும் தெரியும். அம்மான் பச்சரிசியைக் கிள்ளி அதன் பாலைத் தொட்டு வைப்பார்கள். காம்புள்ள மருவைக் குதிரைவால் முடியால் இறுக்கிக் கட்டுவார்கள். சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்துப் பூசுவார்கள். கோயிலில் உப்பும் மிளகும் போடுவதாக நேர்ந்துகொள்வார்கள். பிறப்புறுப்பில் வந்த மருவுக்கும் இதே கைவைத்தியந்தான் நடந்தது, யாருக்கும் தெரியாமல். சுண்ணாம்பில் வெந்த புண்ணோடு, காலை அகட்டி வைத்து நடந்து வந்த பெண்களுக்கு மருந்து கட்டியவள் நான்.

எண்பதுகளில் அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் பால்வினை நோய்ப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். 1964-இல் சித்த மருத்துவக் கல்லூரியும் 1965-இல் ஆங்கில மருத்துவக் கல்லூரியும் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டன. மருந்தும் டாக்டரும் பக்கத்திலேயே இருந்தும், வெட்கம் ஆட்களை வரவிடவில்லை.

வந்தவர்களுக்கு முதலில் ரத்தம் எடுத்து, கிரந்தி (சிபிலிஸ்) இருக்கிறதா என்று அறியும் வி.டி.ஆர்.எல். சோதனை பார்ப்போம். கிரந்தி நோயிலும் மரு மாதிரித் தடிப்பு வரும். அது 24 லட்சம் யூனிட் பென்சிலின் ஊசிக்கு அடங்கும். மருவுக்கு அந்த ஊசி கேட்காது, அதற்கு அன்று போடோபிலின்தான். அமெரிக்கக் காடுகளிலும் இமயமலையிலும் வளரும் செடிகளின் வேரிலிருந்து எடுக்கும் பிசின் அது. 1942-இல் கப்லான் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த மருவுக்குப் பூசிப் பலன் கண்டு எழுதிய பிறகு எங்கும் பரவியது.

டிங்சர் பென்சாயினில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பங்கு கலந்த பழுப்புத் திரவம். பென்சாயின் என்பது நம் சாம்பிராணிதான். பாட்டிலைத் திறந்தால் அறையெல்லாம் அந்த வாசம். சுற்றியுள்ள நல்ல தோலுக்கு வாசலின் தடவிவிட்டு, குச்சி முனையில் பஞ்சு சுற்றி, மருவின் மேல் மட்டும் தொட்டு வைப்போம். காயும்வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும். நாலு மணி நேரத்தில் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும், தவறினால் தோல் வெந்துவிடும். வாரம் ஒருமுறை இப்படி, மரு உதிரும்வரை.

முக்கூடல் பக்கமிருந்து வந்த பீடி சுற்றும் பெண் எங்கே போய்க் கழுவுவாள்? வீட்டில் குளியலறை கிடையாது. ஆற்றில் நாலு பேர் நடுவே சேலையோடு குளிக்கிறவள். "வீட்டுல உள்ளவுகளுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாவ சிஸ்டர், இங்கயே கழுவிட்டுப் போயிரட்டா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அப்படிப்பட்டவர்களை மதியம்வரை இருக்கவைத்து, எங்கள் குளியலறையையே திறந்துவிட்டோம். பாதியில் நிற்காமல் வந்தவர்கள் பலர் அதனால்தான் வந்தார்கள். அவர்களுடைய கணவன்மார்தான் வரவில்லை. பெண்ணுக்கு மட்டும் பார்த்து அனுப்பியதில் எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

கர்ப்பிணிகளுக்குப் போடோபிலின் கூடவே கூடாது. அவர்களுக்கு டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம். பட்டதும் மரு வெளுத்துப்போகும். பெரிய மருவை மரப்பு ஊசி போட்டு மின்சாரச் சூட்டால் கரித்தெடுப்பார்கள். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனால் உறையவைத்து உதிர்ப்பதும் உண்டு. 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமிக்விமோட் களிம்பை நோயாளியே வீட்டில் தடவிக்கொள்ளலாம். எல்லாமே மருவை எடுக்கும், அதை உண்டாக்கி உடம்பில் இருக்கும் வைரஸை ஒழிக்காது. திரும்ப வரலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் நோயாளி அடுத்து போலி வைத்தியரைத் தேடிப் போய்விடுவார்.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனீதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் நாட்டில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அதன்பிறகே எங்களைப் போன்ற பிரிவுகள் அரசின் கண்ணில் பட்டன. கையுறை, தனியறை, ஆலோசகர் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன.

பிறப்புறுப்பு மருக்களில் பத்தில் ஒன்பதுக்குக் காரணம் எச்.பி.வி. வைரஸின் 6, 11 வகைகள். கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது 16, 18 வகைகள். மரு வந்தாலே புற்றுநோய் என்று அழுகிற பெண்களிடம் இதைத்தான் சொல்வேன். புனே சீரம் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட செர்வாவேக் தடுப்பூசி நான்கு வகைகளையும் தடுக்கும். தொற்றுவதற்கு முன்பே போட வேண்டும். மகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மரு ஏற்கெனவே வந்திருந்தால் சுண்ணாம்பைத் தொடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையத்துக்கு வாருங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு. வைத்தியம் இலவசம்.