சுக்கானுக்காக இழுத்த கம்பி

1897-இல் ஜோஷுவா ஸ்லோகம் தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவுகளுக்குத் தனியாளாகப் பாய் விரித்துப் போனார். 23 நாள் பயணத்தில் அவர் சுக்கானைப் பிடித்தது மூன்று மணி நேரம்கூட இருக்காது. சக்கரத்தைக் கட்டிவிட்டால் அவர் படகு ‘ஸ்பிரே’ தானே திசை பிடித்து ஓடும். எல்லாப் படகுக்கும் அந்தச் சமர்த்து வாய்ப்பதில்லை.

நல்ல சுக்கானி, கப்பல் எவ்வளவு விலகியது என்று மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்றும் கணித்து முன்னதாகவே எதிர்ப்பக்கம் திருப்புவார். 1922-இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி இதைச் சமன்பாடாக எழுதினார். இன்றைய ஆட்டோபைலட்டுக்கும் அடிப்படை அதுதான்.

ஆனால் பாய்மரப் படகில் அன்று மின்சாரத்துக்கு எங்கே போவது? 1960-இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் பந்தயத்தில் ஹாஸ்லர், சிச்செஸ்டர் என்ற இரு போட்டியாளர்கள் காற்றையே சுக்கானி ஆக்கினார்கள். 40 நாளில் வென்ற சிச்செஸ்டர் தம் காற்றுச் சுக்கானுக்கு ‘மிராண்டா’ என்று பெயர்கூட வைத்திருந்தார். காற்று திசை மாறினால் படகும் கூடவே மாறிவிடும், அதுதான் தொல்லை.

1970களில் பிரிட்டனில் ‘ஆட்டோஹெல்ம்’ என்ற ஆட்டோபைலட் வந்தது. சிறு மோட்டார் சுக்கான் பிடியைத் தள்ளி இழுக்கும். திசைகாட்டி சொன்ன கோணத்தை விடாது. ஆனால் நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளுவது அதற்குத் தெரியாது. படகின் முனை சரியான திசையைப் பார்த்தபடியே இருக்கும், படகு பாறைப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும்! வழி விலகியதை அறிந்தது லோரான்-சி ரேடியோக் கருவி. அது சொல்வதை ஆட்டோபைலட் கேட்க வேண்டும். அமெரிக்காவின் தேசியக் கடல் மின்னணுச் சங்கம் 1980-இல் கொண்டுவந்த என்எம்இஏ 0180 இந்த உரையாடலுக்கென்றே எழுதப்பட்டது. படகுக் கருவிகளுக்குப் பொது மொழி வந்ததே சுக்கானுக்காகத்தான்.

1983-இல் வந்த என்எம்இஏ 0183, நொடிக்கு 4,800 பிட் வேகம் கொண்டது. ஒரு கம்பியில் ஒரு கருவி பேசும், மற்றவை கேட்கும். இரண்டாவது கருவியும் பேச வேண்டுமென்றால் நடுவில் தனிப் பெட்டி தேவை. ஆட்டோஹெல்ம்காரர்களோ மூன்று கம்பியில் ‘சீடாக்’ என்று சொந்த மொழி வைத்துக்கொண்டார்கள். வேறு கம்பெனிக் கருவி வாங்கியவர்களுக்குத் தலைவலி.

பிறகு காருக்காக பாஷ் உருவாக்கிய கேன் முறையைத் தழுவி என்எம்இஏ 2000 வந்தது: நொடிக்கு 2,50,000 பிட், எல்லாக் கருவிகளும் ஒரே முதன்மைக் கம்பியில். பழைய ஆட்டோபைலட்டை அதில் சேர்க்க ஒரு மாற்றிப் பெட்டி போதும். கம்பியின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருந்தாக வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அளந்தால் மீட்டர் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையில் ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது.